ஜும்ஆ நேரத்து ஹெல்மெட்

என் மகள் பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஓடுவது வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும்தான். அந்த நேரம் ஊரில் ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். கடற்கரையில் பையன்கள் மண் கொட்டி அடித்து வைத்திருக்கும் மேடுகள் ஆளில்லாமல் கிடக்கும். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை மேட்டிலிருந்து சைக்கிளோடு பறப்பதைப் பார்க்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். நானும் இருக்கமாட்டேன்.

போன மழைக்கு முன் அவள் அப்படிப் பறந்து, நெற்றி அடிபட விழுந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இந்தத் தலைக்கு இன்னொரு அடி படக்கூடாது. ஹெல்மெட் இல்லாம சைக்கிளத் தொடவே விடாதீங்க" என்றார்.

மனைவி சைக்கிளை அடுப்படிக் குசினிக்குப் பின்னால் சங்கிலி போட்டுப் பூட்டினாள். மகள் சண்டை பிடிக்கவில்லை. பேச்சை நிறுத்தினாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போவாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான் பிள்ளை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. கடைசியில் தாங்க முடியாமல், "ஹெல்மெட் வாங்கித் தாறன் மகள்" என்றேன்.

"எப்ப?" என்றாள்.

"இந்த வெள்ளிக்கு முந்தி."

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மண்ட உடைஞ்ச புள்ளய நீங்களே கொண்டுபோய்த் திரும்பவும் ஏத்துங்க. நல்ல வாப்பா!"

வியாழன் காலை கல்முனையில் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரரோடு கதைப்பதென்றால் எனக்கு எப்போதும் கூச்சம்.

"பி.எம்.எக்ஸ் ஓடவா? மகனுக்கா காக்கா?" என்று கடைக்காரர் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். மகளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"தல எவ்வளவு பெரிசு?"

இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன்.

"தேங்காய் வாங்க வந்தீங்களா காக்கா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எடுத்துத் தந்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மகள் ஸ்கார்ஃப் இல்லாமல் வெளியே போகமாட்டாள். அதற்குள் ஒரு தொப்பி, பின்னால் பெரிய கொண்டை. ஹெல்மெட் கொண்டையில் முட்டி, பானை மூடி போல உச்சியில் ஏறி நின்றது. தழும்பு இருந்த நெற்றி முழுக்கத் திறந்து கிடந்தது. ஸ்கார்ஃபை நாடிக்குக் கீழே ஊசியால் குத்தியிருந்தாள். அதற்கு மேலேயே வார் வந்து அழுத்தியது.

"இது காணும் வாப்பா. சரி" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிழை என்று சொன்னால் நாளைக்கு ஓட முடியாதே என்ற பயம் அவளுக்கு. தலையை ஆட்டச் சொன்னேன். தலை ஒரு பக்கம் போனது, ஹெல்மெட் ஒரு பக்கம் போனது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவளையே கூட்டிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். "மகள்தான் ஓடுறா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. "வெறுந்தலைக்கு எண்டு நினைச்சல்லவா எடுத்துத் தந்த! மகள், உள்ள எங்கட உம்மா இரிக்கா. கொண்டைய அவிழ்த்து, ரெண்டு பின்னலாக் கீழ தொங்கவிடுங்க. ஊசி வேணா. மெல்லிசாச் சுத்திப் பின்னால கட்டிட்டு வாங்க."

அவள் வந்ததும் வேறொரு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். பெண்பிள்ளையின் தலையை அவர் தொடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொல்லச் சொல்ல, நான்தான் செய்தேன்.

"புருவத்துக்கு மேல ரெண்டு விரல். அதுக்கு மேல ஏறக்கூடா. பின்னால இரிக்கிற திருகிய இறுக்குங்க. ரெண்டு வாரும் காதுக்குக் கீழ வந்து சேரணும். நாடிக்குக் கீழ ஒரு விரல் போகணும், ரெண்டு போகக்கூடா. இப்ப வாய ஆவெண்டு திறங்க மகள். உச்சிய அழுத்துதா?"

"ஓம்."

"அதான் அளவு. காக்கா, இதுல ஒரு நல்ல அடி பட்டா இதுட வேல முடிஞ்சி. வெளிய ஒண்டும் தெரியாட்டியும் எறிஞ்சிரணும்."

பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகுமுன் நானே வாரைப் பூட்டினேன். விரலை விட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "போதும், போங்க. நான் பக்கத்துல நிக்கிறன்" என்றாள் மனைவி. அன்றைய குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. என் நாடிக்குக் கீழே விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு துஆவும் வாயில் வரவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும், பிந்திய சுன்னத் தொழுகைக்கு நிற்காமல் கடற்கரைக்கு ஓடினேன்.

சைக்கிள் மேட்டுக்குக் கீழே சரிந்து கிடந்தது. மகள் மணலில் உட்கார்ந்திருந்தாள். மனைவி அவள் தோளைப் பிடித்திருந்தாள். ஹெல்மெட் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் முன்பக்கத்தில், தழும்புக்கு நேரே, ஒரு நீண்ட வெடிப்பு.

நான் முழங்காலில் விழுந்தேன். "மகள், நான் யாரு?"

"வாப்பா" என்றாள். "என்ன கேள்வி இது?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார், விரலை எண்ணச் சொன்னார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கவனமாகப் பாருங்கள் என்று அனுப்பினார். திரும்பும்போது ஆட்டோவில் மகள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். எந்த மேடு, எப்படி ஏறினாள், முன் சில்லு எங்கே வழுக்கியது என்று. மாதக்கணக்காக நான் கேட்க ஏங்கிய குரல். அதைக் கேட்கவும் முடியாமல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"ஜும்ஆவுக்குப் பூட்டின சைக்கிள் கடை திறந்திட்டாங்க வாப்பா" என்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். சங்கிலிக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"நிப்பாட்டுங்க தம்பி" என்றாள் அவள் ஆட்டோக்காரரிடம். பிறகு என்னிடம், "நெத்தியாலதான் போய் விழுந்தா. அந்தச் சத்தம் ஒங்களுக்குக் கேக்கல்ல. எனக்குக் கேட்டிச்சி. பூட்டி வெச்சாலும் இவ ஒரு நாளைக்கு வெறுந்தலையோட ஓடுவா. போய்ப் புது ஹெல்மெட் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வெடித்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இனி வரும் வெள்ளிக்கிழமைகளிலும் அவள் மேட்டில் ஏறும்போது நான் பள்ளியில்தான் இருப்பேன்.