வாசல் தெளித்த தண்ணீர்

எண்பதுகளின் நடுவில், பென்னாகரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு சின்னப் பேரூராட்சி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அங்கே என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே ஆள் குடிநீர்க் குழாய் ஃபிட்டர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். என்னைவிட இருபது வயது மூத்தவர். என்னை டைப்பிஸ்டம்மா என்பார். கையெழுத்து அவருக்குக் கோழி கிளறிய மாதிரி இருக்கும், ஆனால் எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்பது மனப்பாடம்.

ஊருக்குக் குடிதண்ணீர் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றிலிருந்துதான். மாசி பிறந்தால் மோட்டார் காற்றை இழுக்கும். அப்புறம் லாரித் தண்ணீர்தான். தெருக்கோடி வரைக்கும் குடங்கள் வரிசையில் நிற்கும், பெண்கள் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள்.

"மழை முன்ன மாதிரி இல்லீங்க. வர்றப்ப ஒரேயடியா கொட்டிட்டு ஓடிப்போயிருது. ஓடுறத நாமதான் புடிச்சு வெக்கோணும்" என்பார் பாய். சொன்னதோடு நிற்கவில்லை. காலித் தார் டிரம்களை வெட்டித் தகடாக்கி, அலுவலகத்து ஓட்டுக் கூரையைச் சுற்றி, வழிகிற மழைத்தண்ணீரைப் பிடிக்கத் தகரவாரம் அடித்தார். அதிலிருந்து ஒரு குழாய். குழாய் போய் விழுகிற இடத்தில் ஜல்லி, அடுப்புக்கரி, மணல் போட்ட ஒரு குழி. குழியில் வடிந்த தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள். இதையே சந்தைக் கொட்டகையின் பெரிய கூரைக்கும் செய்துவிட்டால் கோடையைத் தாண்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதற்குத்தான் அலுவலகத்தில் காசு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வறட்சியைச் சமாளிக்கப் புது வழி செய்து காட்டும் பேரூராட்சிக்கு நிதி, அதுவும் போட்டியில் முதலாவதாக வருகிற ஒரே ஓர் ஊருக்கு மட்டும். விண்ணப்பத்தை நான் மூன்று முறை அடித்தேன். பாய் சொல்லச் சொல்ல அடிப்பேன். முடித்ததும் "மணலக் கழுவிப் போடோணும்னு எழுதலியே" என்பார். "அதையெல்லாம் அவங்க கேட்டாங்களா?" என்று எரிந்து விழுவேன். "கழுவாத மணலப் போட்டா சேறு எறங்குமில்ல, டைப்பிஸ்டம்மா?" கார்பனை மாற்றி மறுபடி அடிப்பேன். திட்டிக்கொண்டே அடித்தேன் என்றாலும், அந்த வாரம்போலச் சந்தோஷமாக நான் வேறெந்த வாரமும் வேலை பார்த்ததில்லை.

பார்வையிட இன்ஜினியர் வருகிறார் என்று தகவல் வந்தது, பங்குனியில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மழையில்லாமல் மழைநீர்த் திட்டத்தை எப்படிக் காட்டுவது? பாய் யோசித்து, நாமே கூரைமேல் மழை ஊற்றுவோம் என்றார். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்டுத் தெருத்தெருவாகப் போனார். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று கை சோர்ந்த பெண்கள், முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஊத்துற தண்ணி கெணத்துக்குத்தான போவுது, பாய்? வீணாவாது தான?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டாள். ஐந்து டிரம் நிறைந்தது. அலுவலகத்துப் பின்பக்கம் மூடி வைத்திருந்தோம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அன்று காலை அலுவலகத்துக்கு முதலில் வந்தவள் நான். பாய் ஏணி வாங்கிவரப் போயிருந்தார். வாசலில் கணுக்கால் புதையும் புழுதி. பெரிய அதிகாரி வருகிறார், வாசல் இப்படியா கிடப்பது? எங்கள் வீட்டில் விருந்தாளி வருகிறார் என்றால் முதல் வேலை வாசல் தெளிப்பது. அந்தப் பரபரப்பில் எதையும் யோசிக்காமல், பெருக்கவந்த அம்மாவிடம், "பின்னாடி டிரம்ல தண்ணி இருக்குது, நல்லா தெளிச்சு ஒரு கோலம் போட்டுருங்க" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் மேசையைத் துடைத்தேன். அந்த அம்மாவும் இருவர் துணையோடு, வாசலில் ஆரம்பித்து ஜீப் வரும் தெரு முழுக்கத் தெளித்துவிட்டார். எந்தத் தண்ணீர் அது என்று எனக்கு உறைத்தபோது, ஐந்தாவது டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜினியர் ஈரத்தெருவில் வந்து இறங்கினார். பெரிய பூக்கோலத்தைத் தாண்டிக் கால் வைத்தார்.

"தண்ணிப் பஞ்சம்னு எழுதியிருந்தீங்களே?" என்றார்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்த பாய், தெருவைப் பார்த்தார், காலி டிரம்களைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"நாந்தானுங்க சார் தெளிக்கச் சொன்னேன். புத்தியில்லாம பண்ணிட்டேனுங்க" என்றார்.

இன்ஜினியர் காய்ந்த தகரவாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நிதி வேறோர் ஊருக்குப் போனது.

அன்று நான் அழுததைப் பார்த்து, "உங்க வூட்டுக்குப் பெரிய மனுசரு வந்தா தெளிக்காமயா இருப்பீங்க? வுடுங்க டைப்பிஸ்டம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். தண்ணீர் கொடுத்த பெண்கள் தெருவில் அவரைத்தான் ஏசினார்கள். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மறுவருஷமும் அதே போட்டி வந்தது. விண்ணப்பத்தை ஒரே தடவையில் அடித்தேன், மணல் கழுவுவது உட்பட. பாய் மறுபடி குடம் கேட்டுப் போனார். "இந்தத் தடவையும் தெளிக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் ஊற்றினார்கள். டிரம்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, "நீங்களே காவல் இருங்க. உங்களவிட நல்ல காவல் எனக்குக் கெடைக்காது" என்று என்னை உட்காரவைத்தார். விடிந்ததிலிருந்து நகரவில்லை.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் வந்தது. அதே இன்ஜினியர், தும்மிக்கொண்டே இறங்கினார். "போன வருஷம் ஜோராத் தெளிச்சிருந்தீங்க" என்றார். சுற்றிலும் தண்ணீர் கொடுத்த பெண்கள் நின்றிருந்தார்கள்.

"நான்தான் சார் தெளிக்கச் சொன்னது. பாய் இல்லை" என்றேன்.

"அந்தம்மா சும்மா சொல்லுதுங்க சார்" என்றார் பாய்.

"யார் சொன்னா என்ன? இப்ப ஊத்துங்கய்யா" என்று சிரித்துவிட்டார் இன்ஜினியர். ஏணியில் ஏறி ஊற்றினார்கள். ஓட்டில் வழிந்து, தகரவாரத்தில் ஓடி, குழிக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றுக்குள் தண்ணீர் விழுந்தது. பெண்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் என் பக்கம் திரும்பி, "பாவம் அந்த மனுசன, ஒரு வருசமா ஏச வெச்சிட்டியேம்மா" என்றாள்.

ஆனி மாதம் நிதி ஒதுக்கிய உத்தரவு வந்தது. அதைப் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போனவர், கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்திக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"இன்னைக்கு வேணா வாசல் தெளிச்சுக்குங்க, டைப்பிஸ்டம்மா."

தெளிக்க மனம் வரவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன்.