முனவ்வறாவின் மேற்கு வேலி

பின்னேர அஸர் தொழுது முடித்து ஆட்கள் பள்ளிவாசலை விட்டு இறங்கும் நேரத்தில் செய்தி வந்தது. களத்தில் நெல் சூடடித்துக்கொண்டு நின்ற முகம்மது தம்பி நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து மௌத்தாகிவிட்டார்.

மனைவி முனவ்வறா அன்றே வெள்ளை உடுத்து இத்தாவில் அமர்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். கணவரின் அண்ணன் காலிதீன் காக்கா வீட்டு வளவு வேலியை உயர்த்திக் கட்டத் தொடங்கினார். மூன்று பக்கம் முடிந்தது. கக்கூஸ் இருந்த மேற்குப் பக்கத்துக்கு மட்டும் தென்னோலைக் கிடுகு வந்து சேரவில்லை.

"நாளைக்குக் கட்டுவம்" என்பார். அந்த நாளை வரவேயில்லை. தெருவில் போகிறவர்கள் காண்பார்களே என்று முனவ்வறா பகலில் அந்தப் பக்கம் போவதை விட்டாள். போகாமலிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தாள்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் வலி வந்தது. இடப்பக்க விலாவுக்குக் கீழே குத்தித் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கியது. பிள்ளை பெற்ற வலியெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டு. சிறுநீர் சிவந்து போனது. வாந்தி நிற்கவில்லை. அவளுடைய மூத்தவள் ஹாஜறா ராத்தா ஓடிப்போய்ப் பாண்டிருப்பு ஊர்த் தங்கத்துரையைக் காரோடு கூட்டிவந்தாள்.

காலிதீன் வாசலை மறித்து நின்றார்.

"இத்தாப் பொம்புள வாசல் தாண்டுறதா? சனம் என்ன கதைக்கும்? பரிசாரியாருட்ட நெருஞ்சில் கசாயம் வாங்கித் தாறன், குடி புள்ள."

"மச்சான், ஒங்கட தம்பிக்காக இத்தா இரிக்கன். அவரோட கபுறுக்குள்ள போறதுக்கில்ல."

"பள்ளி லெப்பைட்டயாவது ஒரு சொல் கேப்பம்."

"நோய்க்கு வெளிய போகலாமெண்டு குர்ஆன் ஓதப் போற புள்ளைக்கும் தெரியும். விலகுங்க."

"விடமாட்டன்."

முனவ்வறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இந்த வாசல்ல நிக்கிறதுக்கு நீங்கதான் என்னட்டக் கேக்கணும்."

காலிதீன் விலகினார். காரின் பின்சீற்றைச் சுற்றித் தங்கத்துரை தன் மனைவியின் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தான்.

"அக்கா, நான் திரும்பியும் பாக்க மாட்டன்."

"றோட்டப் பாரு தம்பி! றோட்டுக் கிடங்குல விழுத்தி என்னக் கொன்னுபோடாத."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அவளால் மூச்சை இழுத்துவிட முடிந்தது.

"கிட்னியில சலக்கல்லாத்தான் இருக்கும். தண்ணி குடிக்கிறல்லையா?" என்றார் டொக்டர்.

"வேலி கட்டி முடியல்ல, டொக்டர்."

அவருக்கு விளங்கவில்லை. ஹாஜறா விளக்கினாள். "இனி வேலிய நம்பி இருக்காதீங்க" என்றார் அவர்.

ஒரு குறுணிக் கல் வார்டிலேயே விழுந்தது. முனவ்வறா போன வாசலாலேயே திரும்பி வந்து, அதே வெள்ளைச் சேலையோடு மிச்ச இத்தாவை இருந்தாள். முகம்மது தம்பி உடுத்த சாரத்தைத் தலைமாட்டில் மடித்து வைத்து அழுதாள். விடிந்ததும் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். பட்டப்பகலில் முக்காட்டை இழுத்துவிட்டு மேற்குப் பக்கம் நடந்தாள்.

காலிதீன் கோபித்துக்கொண்டு வராமலே இருந்தார். அவர் முன்பே சொல்லிவைத்து, மேற்கு வேலிக்காகக் கடைசியில் வந்து சேர்ந்த கிடுகுக் கட்டு, இத்தா முடிந்த நாளிலும் அவிழ்க்கப்படாமல் மாமரத்தடியில் கிடந்தது.