எதிர் மூலை

என் அண்ணி அழமாட்டாள். எங்கள் வீட்டில் இது பழைய செய்தி. கல்யாணத்தன்று அழவில்லை, பிள்ளை பெற்றபோது அழவில்லை. வெங்காயம் நறுக்கினால்கூட அவளுக்குக் கண் கலங்காது, பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கொட்டும். டிவிக்காரர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் ஒரு வருஷம் அவர்களும் பாடுபட்டு, எங்களையும் பாடாய்ப் படுத்தினார்கள்.

அண்ணி என்றாலும் எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, வா போ என்றுதான் பேசிக்கொள்வோம். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அண்ணி ஒரு பெரிய லாண்ட்ரியில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் ஹோட்டல்களின் விரிப்புகளும் அங்கேதான் வெளுத்துக் காய்ந்து மடிந்து போகும். அண்ணிக்கு மடிக்கிற கூடத்தில் வேலை.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. அதனால் அந்தக் கூடத்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாகத்தான் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு மூலை. முதலில் ஓர் உதறல், பிறகு சுருக்கம் போக இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இழுப்பு. அப்புறம் மடித்துக்கொண்டே ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடப்பார்கள். ஒருத்தி தன் மூலைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழே தொங்குகிற மடிப்பை எடுப்பாள். வாய் பேச வேண்டியதில்லை, கைக்குத் தெரியும்.

ஆனால் அண்ணியின் ஜோடி பேசாமல் இருந்ததே இல்லை. அவளுக்குக் கூடத்தில் வைத்த பேரே ரேடியோ. காலையில் உள்ளே நுழையும்போது ஆரம்பித்தால் சாயந்திரம் செருப்பு மாட்டும்வரை ஓடும். அண்ணி வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரேடியோ என்ன சொன்னா தெரியுமா" என்று தொடங்குவாள். ரேடியோவை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் வீட்டுப் பூனைக்கு என்ன பிடிக்கும் என்பதுவரை எனக்கு அத்துப்படி.

ஒரு நாள் லாண்ட்ரியின் பாய்லர் வெடித்தது. நடுச்சுவர் மடிக்கிற கூடத்துப் பக்கமாகச் சாய்ந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ரேடியோ ஒருத்தி. விரிப்பின் அந்தப் பக்கம் நின்றவள் போனாள், இந்தப் பக்கம் நின்ற அண்ணி கால் எலும்பு முறிந்து பிழைத்தாள்.

எலும்பு கூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஊர் கூடியது.

முதலில் வந்தது ஒரு சேனல் பெண். நல்ல பெண்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மைக்கை நீட்டி, "சுவர் விழுந்த அந்த நொடியில உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டாள்.

அண்ணி யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னாள். "ஐயையோ, இவ்வளவும் திரும்பத் துவைக்கணுமேன்னு ஓடுச்சு."

கேமராவை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டார்கள். அண்ணி மறுபடியும் அதையே சொன்னாள். அன்று ராத்திரி டிவியில் அவள் குரலே வரவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வயலின் அழுதது. அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது மழை வருமா என்று. கொடியில் துணி கிடந்தது.

பிறகு கட்சிகள் வந்தன. ஆளுங்கட்சிக்காரர் வந்து, இவர்கள் காயத்தை நாங்கள் ஆற்றுவோம் என்றார். எதிர்க்கட்சிக்காரர் வந்து, இந்தக் காயத்தை ஆற விடமாட்டோம் என்றார். யாருடைய காயம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. முறிந்து கூடிய அந்தக் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு பேருக்கும் டீ போட்டவள் என் அண்ணி.

தெருவும் சும்மா இருக்கவில்லை. மாடிவீட்டுக்காரி எங்கள் வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று குக்கருக்கு வெயிட்டே போடாமல் சமைத்தாள். "பாவம், விசில் சத்தம் கேட்டா அவங்களுக்கு ட்ராமா வந்துரும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அதே மாடிவீட்டுக்காரி, பிள்ளை கணக்கில் பெயிலானபோது, "எனக்கு ட்ராமாவே ஆயிருச்சு" என்று படிக்கட்டில் நின்று தெருவுக்கே சொன்னாள். எதிர்வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வராவிட்டால் ட்ராமா. எங்கள் அண்ணனுக்கு அவன் டீம் தோற்றால் ட்ராமா. ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள், அண்ணியிடம் மட்டும்தான் அந்த வார்த்தையே இல்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மடிக்கிற கூடத்தில் அவள் இடம்.

லாண்ட்ரி திரும்ப ஓட ஆரம்பித்ததும் மேனேஜர் அவளை முன்வாசல் கவுண்டரில் உட்கார வைத்தார். நாற்காலி, மின்விசிறி, வேலை கிடையாது. வருகிற பெரிய மனிதர்களிடம், "இவங்கதான்" என்று காட்டுவார். மடிக்கப் போகிறேன் என்று அண்ணி கேட்கும்போதெல்லாம், "அந்த இடத்தைப் பார்த்தா உங்களுக்குத் தாங்காதும்மா" என்பார்.

"பார்க்காமத்தான் சார் தாங்கல" என்றாள் அண்ணி ஒரு நாள்.

அதற்குப் புதுக் காரணம் சொன்னார். "இறந்தவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க? அதே இடத்துல நின்னு நீங்க ஜம்முனு வேலை பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? அந்தப் பொண்ணோட அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் ஏன் தடுக்கப் போறேன்?"

ரேடியோவின் அம்மாவைப் போய்ப் பார்க்கவும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வந்து பேசிய ஆலோசகர் அம்மா, இரண்டு பேரும் கொஞ்ச நாள் கழித்துச் சந்திக்கலாமே என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது கொஞ்ச நாள். மேனேஜரும் அண்ணனும் தெருவும் சேர்ந்து அதை ஒரு வருஷமாக இழுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ரேடியோவின் அம்மாவிடமும் யாரோ இதையே சொல்லியிருக்கிறார்கள். அண்ணி வீட்டில் விரிப்பு மடிக்கும்போது இரண்டு மூலையை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துத் தனியாக மடிப்பாள். நான் பிடிக்கிறேன் என்றால், "உனக்கு வராது" என்பாள். எனக்கு அது ரோஷமாக இருந்தது, ஏன் என்று நானும் கேட்டதில்லை.

வருஷம் திரும்பியது. லாண்ட்ரி வாசலில் நினைவுக்கல் வைத்தார்கள். அமைச்சர் வருகிறார், அண்ணிதான் திரையை விலக்க வேண்டும். "நாலு வார்த்தை பேசுங்க, நல்லபடியா முடியட்டும், அப்புறம் உங்க விஷயத்தைப் பார்ப்போம்" என்றார் மேனேஜர். நல்லபடியாக என்றால் அழ வேண்டும் என்று எனக்கே புரிந்தது. அண்ணிக்குப் புரியாமலா இருக்கும்? காலையில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணிக் கோணிப் பார்த்தாள். வரவில்லை.

ரேடியோவின் அம்மா வரவில்லை. மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், அது காலியாகக் கிடந்தது.

கல்லை மூட வேண்டிய பட்டுத்திரை நேரத்துக்கு வந்து சேரவில்லை. மேனேஜர் கூடத்திலிருந்தே ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துப் போர்த்தச் சொல்லியிருந்தார். இரட்டைக் கட்டில் அளவு. அங்கேதான் வந்தது வினை.

அண்ணி இழுத்தாள். விரிப்பு விழுந்தது. எல்லாரும் கை தட்டலாமா கூடாதா என்று திகைத்து நின்றார்கள். கேமராக்கள் அவள் முகத்துக்கு நெருங்கின. அண்ணி கல்லைப் பார்க்கவேயில்லை. தரை ஈரமாக இருந்தது. வெள்ளைத் துணி மண்ணில் கிடந்தால் அவளுக்குப் பொறுக்குமா? சட்டென்று குனிந்து இரண்டு மூலையை எடுத்தாள். உதறுவதற்குக் கையை உயர்த்தினாள். அப்படியே நின்றாள்.

எதிர்ப்பக்கம் யாராவது மற்ற இரண்டு மூலையை எடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக நின்றாள். கை தன் பாட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றது. அமைச்சர் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

எனக்குப் புரிந்தது. இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருத்தருக்காவது அந்தத் துணியைப் பிடிக்கத் தோன்றுகிறதா என்று ஆத்திரமாகவும் வந்தது. தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் அந்த இரண்டு மூலையையும் பிடித்தேன்.

அண்ணி உதறினாள். பிறகு இழுத்தாள். அந்த இழுப்பு அப்படி இருக்கும் என்று நான் கண்டேனா? பிடி நழுவி, அமைச்சர் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

அண்ணி சிரித்தாள். லேசான சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு வருஷமாக நாங்கள் கேட்காத அந்தச் சிரிப்பை அத்தனை மைக்குக்கும் முன்னால் சிரித்தாள்.

சாயந்திரமே விவாதம். "நினைவிடத்தில் சிரிப்பு: மனவடுவா, அவமதிப்பா?" நாலு கட்டத்தில் நாலு தலை. எதிர்க்கட்சி அவளைச் சிரிக்கச் சொல்லி அனுப்பியது என்றார் ஒருவர். இந்த ஆட்சியைப் பார்த்து மக்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், ஆழ்மனதில் ஏதோ உடைந்துவிட்டது என்று விரலால் உடைத்துக் காட்டினார். நாலாவதாக ஒரு டாக்டர் மட்டும், "ஏன் சிரிச்சாங்கன்னு அவங்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று ஆரம்பித்தார். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

மாடிவீட்டுக்காரி வந்து, "புத்தி பேதலிக்காம பார்த்துக்கோ" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேனேஜர் போன் செய்தார். கவுண்டருக்கும் வர வேண்டாம், வீட்டிலேயே ஓய்வு எடுக்கட்டும் என்றார். கூடத்துக்குப் போகலாம் என்று இருந்தவளுக்கு நாற்காலியும் போயிற்று. அண்ணி போனை வைத்துவிட்டு என்னிடம், "அடி பட்டுச்சாடி?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னால்தான் எல்லாம் என்று தோன்றியது.

மறுநாள் கதவைத் தட்டியது ரேடியோவின் அம்மா. அண்ணியும் அவரை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் மகளுடைய அதே மூக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அந்த அம்மா உட்காரவில்லை. தண்ணீர் வாங்கவில்லை.

"என் பொண்ணு கல்லு முன்னாடி நீ சிரிச்சியாமே. நானும் டிவியில பார்த்தேன். என்னடி சிரிப்பு உனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள்.

"இவ விழுந்தா இல்லம்மா, அதே மாதிரிதான் உங்க பொண்ணு முதல் நாள் விழுந்தா. நான் இழுத்தேன், அவ பிடியை விட்டா, பொத்துனு உட்கார்ந்துட்டா. உட்கார்ந்த இடத்துல இருந்தே கேக்குறா, 'துணி மடிக்கிற வேலைன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தாங்க, கயிறிழுக்கிற போட்டின்னு சொல்லலையே'ன்னு. கூடமே சிரிச்சுச்சு. நேத்து அந்தக் குரல் அப்படியே காதுல கேட்டுச்சும்மா. அதான் சிரிச்சுட்டேன்."

அந்த அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவ பேச்சேதான்" என்றார். "பிறந்ததுல இருந்தே அந்த வாய்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வருஷமா வர்றவங்க எல்லாம் அவ செத்ததைத்தான் சொல்றாங்க. அவ பேசினதை ஒருத்தரும் சொல்லலையே."

அண்ணி சொன்னாள். பூனை கதை, சூப்பர்வைசர் குறட்டை கதை, மழையில் குடை பறந்த கதை. அந்த அம்மா சிரித்தார், நடுவில் அழுதார், அழுதுகொண்டே, "அப்புறம்?" என்று கேட்டார். இப்போதுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கூடத்துக்குத் திரும்பப் போக அவர் வார்த்தைக்காகத்தான் நிற்கிறாள் என்பதை அண்ணி சொல்லவில்லை. நான் சும்மா இருப்பேனா, சொல்லிவிட்டேன்.

"என்னைக் கேட்டானா அவன்? நாளைக்கே வர்றேன். நானே சொல்றேன் அந்த மேனேஜர்கிட்ட" என்று எழுந்தவர், அலமாரியில் அடுக்கியிருந்த விரிப்புகளைப் பார்த்து நின்றார்.

"அவ எங்கடி நிப்பா?"

"எனக்கு எதிர்ல."

அந்த அம்மா நடுவீட்டில், அண்ணிக்கு எதிரில் போய் நின்றார். அண்ணி ஒரு விரிப்பை உதறி எறிந்தாள். இரண்டு மூலை அந்தப் பக்கம் போயிற்று. அந்த அம்மா இறுகப் பிடித்துக்கொண்டார், அண்ணி மெதுவாகத்தான் இழுத்தாள். இரண்டு பேரும் நடந்து நடுவில் வந்தார்கள். மூலைகள் கை மாறின. அப்போதுதான் என் அண்ணி அழுதாள். சத்தமில்லாமல், துணியை விடாமல்.

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இருந்தது. எல்லாமே மடித்து வைத்தவைதான். நான் ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்துப் பிரித்து அவர்கள் கையில் கொடுத்தேன்.