ரிசீவருக்கு ஒரு மெத்தை

செல்போனில் பச்சையாக இருக்கிற அந்தப் படம் என்ன என்று என் மகன் கேட்டான். "வளைஞ்ச வாழைக்காயாப்பா?" எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஐந்தாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவனிடம் கேட்கிற கேள்வியா? ஆனாலும் போன் விஷயத்தில் நான் இன்ஜினியர். வீட்டிலேயே பட்டம் கொடுத்தார்கள்.

சிவகாசியில் எங்கள் வீட்டுப் போன் கருப்பு. முகத்தில் ஓட்டை ஓட்டையாய் ஒரு வட்டு. பூஜ்யத்தைச் சுற்றினால் அது ஊர்கோலம் போய்த்தான் திரும்பும். தலையில் அந்த வாழைக்காய், ரிசீவர். அடியில் இரண்டு குமிழ். ரிசீவரின் கனத்தில் குமிழ் அமுங்கினால்தான் மணி அடிக்கும். அத்தனை கனமாகச் செய்ததே அதற்குத்தானாம்.

அப்போது அப்பாவின் தங்கையை, என் அத்தையை, காரியாபட்டிக்காரர்கள் பெண் பார்த்துப் போயிருந்தார்கள். கல்யாணமானால் அச்சாபீஸ் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். பட்டாசு லேபிளில் மயிலுக்கு எந்த நீலம் என்று அத்தை சொன்ன பிறகுதான் அங்கே மிஷினே ஓடும். முடிவைப் போனில் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். மறுநாளே அத்தை ரிசீவருக்கு வெல்வெட்டில், பிரஸ் பட்டன் வைத்து, ஓர் உறை தைத்துப் போட்டாள்.

அதிலிருந்து போன் வாயே திறக்கவில்லை. லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கினார்.

"லைன் சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

"குமிழத் தட்டித் தட்டி நான் கூப்பிட்டாப் போகுது, எனக்கு மட்டும் வரமாட்டேங்கு! இது போனா, அம்மிக்கல்லா?" என்று அப்பா கத்தினார்.

"நீங்களே காரியாபட்டிக்குப் பேசுங்களேன்" என்றாள் அம்மா.

"பொண்ணு வீட்டுக்காரன் நானாக் கேட்டா மருவாதையா இருக்குமா?"

"விடுண்ணே, வரும்போது வரட்டும்" என்றாள் அத்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் யானை வேஷம் கட்டினேன். உடம்பு இருந்தது, தும்பிக்கை இல்லை. ரிசீவர் உறையைப் பிரித்துக் கையில் சுற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. யானை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது.

காரியாபட்டிதான். "எப்ப அடிச்சாலும் பேசிக்கிட்டே இருக்கீகளே! எங்களுக்குச் சம்மதம்."

அப்பா என்னை இழுத்துத் தூக்கினார். "ஏலே, லைன்மேனுக்கே பிடிபடலயே! நீதாம்லே இன்ஜினியரு!" அம்மா என் வாயில் சீனியை அள்ளிப் போட்டாள். அத்தை என் தும்பிக்கையைக் கழற்றினாள். அதன் உள்பக்கம், போன்மேல் ரிசீவர் உட்காருகிற இடத்தில், குமிழை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும், பழைய சேலைத்துணியைத் தடிமனாக மடித்துத் தைத்திருந்தது. போனுக்குக்கூட மெத்தை போட்டிருக்கிறாளே, எம்புட்டு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதும் காரியாபட்டிக்குப் போனால் அத்தை எனக்கு மட்டும் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றுவாள். "சாப்பிடுங்க இன்ஜினியரே" என்பாள். சிரிக்க மாட்டாள்.