சீட்டு இல்லாத சட்டை

எங்கள் சலவைக்கடையில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக என் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறாள். அவள் கை பட்ட காலர் வளையாது, அவளும் வளைய மாட்டாள். கடைக்கு ஒரே சட்டம்தான். யாருடையது, என்றைக்கு வேண்டும் என்று எழுதிச் சீட்டு குத்தாத துணியை யாரும் தொடக்கூடாது. முதலாளியின் சட்டையாக இருந்தாலும் மூலையில்தான் கிடக்கும்.

அவளுக்கு ஒரே மகன். வயது இருபத்தெட்டு. படிப்பு முடிந்து ஐந்து வருடமாக வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்த சிநேகிதன், "எப்படிடா எப்பவும் சட்டை மட்டும் புதுசா இருக்கு?" என்று கேட்டிருக்கிறான்.

"வீட்டுக்குள்ளயே லாண்டரி இருக்குடா. கழட்டிப் போட்டா காலைல தொங்கும்."

அக்கா அடுப்படியில் நின்று கேட்டாள். அம்மா என்ற சொல் அதில் இல்லவே இல்லை.

"லாண்டரி எப்படி நடக்கும்னு காட்டுறேன். அதே சிநேகிதன் முன்னாடி அந்த வார்த்தையை அவன் முழுங்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு கட்டுச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இனிமேல் சீட்டு குத்தாத சட்டையைத் தொட மாட்டேன் என்றாள். மகன் சிரித்தான், எழுதவில்லை. சட்டைகள் நாற்காலியில் குவிந்தன. வியாழக்கிழமை காலை அவனுக்கு இன்டர்வியூ.

"அம்மா, விளையாடாத. ஒம்பது மணிக்குப் போகணும்."

"சீட்டு எங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் குத்தினான். அவள் நிதானமாகப் படித்தாள். "இன்னைக்குக் கொடுத்தா நாளைக்குத்தான் கிடைக்கும்."

அவனே தேய்த்தான், காலரைச் சுட்டுவிட்டான், அப்படியே போனான். வேலை கிடைக்கவில்லை. எனக்கே ஆத்திரம் வந்தது. "பெத்த பிள்ளைகிட்டயா அக்கா பழி?"

"பெத்தவளைத்தானே அவன் பேசினான்" என்றாள். அன்று அவள் கடையில் இரண்டு காலரைச் சுட்டாள். பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பிறகு அவனே துவைத்தான், தேய்த்தான், முட்டி மோதிச் சமைக்கவும் பழகினான். நான்கு மாதத்தில் மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்து, தனி அறைக்குப் போனான். வழியனுப்ப அவள் வாசலுக்குக்கூட வரவில்லை. அவன் இன்னும் அந்த வார்த்தையை முழுங்கவில்லையே.

போன வாரம் அந்தச் சிநேகிதன் ஒரு மூட்டைத் துணியோடு கடைக்கு வந்தான். கூடவே அக்காவின் மகன்.

"உன் சட்டையும் இங்கதானே வருது?" என்று சிநேகிதன் கேட்டான்.

"இல்லடா, நானே தேய்ச்சது. அன்னைக்கு எங்கம்மாவ லாண்டரின்னு சொன்னேன்ல, அது தப்புடா. எனக்கு வாய்க்கொழுப்பு."

நீராவிக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்தாள். மகனின் காலரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கையை மடக்கிப் பார்த்தாள். "பாவி, ஒரு குறை சொல்ல முடியலையே" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமாம்மா?"

அவள் ஒரு சீட்டைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பெயரையும் நாளையும் எழுதிக் கொடுத்தான்.

"ஞாயிறுன்னா ஞாயிறு. திங்கக்கிழமை வந்தா தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.