தம்பி தலைக்கு ஒரு விக்

அக்காவின் விரல்கள் ஒவ்வொரு முடியாகக் கொக்கியால் வலைத்துணியில் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. இருபது வருஷமாக விக் கட்டுகிற கை. அவள் கட்டியதை இதுவரை யாரும் விக் என்று கண்டுபிடித்ததில்லை. இந்த விக்கில் முன்நெற்றி மட்டும்தான் பாக்கி.

எதிரே அவள் தம்பி வழுக்கையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் மூன்று மாதத்தில் முடி முளைக்கும் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். கெடு நெருங்கிவிட்டது, தலையில் ஒரு புல்கூட முளைக்கவில்லை.

“டாக்டர் என்னடா சொன்னார்?”

“சத்துக் குறைவால கொட்டுனா மாத்திரை உதவுமாம். ரத்தத்தைப் பார்த்தா எனக்கு ஒரு குறையும் இல்லையாம். இது அப்பா வழியில வந்த வழுக்கையாம்.”

“அதை ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?”

“மானம் போயிடும்க்கா! மேனேஜரே என்னை நம்பி அந்த மாத்திரையை ஆறு டப்பா வாங்கிட்டார். நீ முன்னாடி லேசா, இப்பத்தான் முளைச்ச மாதிரி கட்டு. அடுத்த மாசம் கொஞ்சம் அடர்த்தியா இன்னொண்ணு கட்டிக்கலாம்.”

ஆறு டப்பா என்றதும் அக்காவின் கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது, ஒரு முடி போட வேண்டிய இடத்தில் நாலு நாலாக. கை கூசத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தாள்.

மூன்றாம் நாள் தம்பி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அலறினான். “என்னக்கா, நெத்தியில புதர் மண்டின மாதிரி இருக்கு! விக்குன்னு குழந்தைகூடச் சொல்லிடுமே!”

“சொல்லட்டும். உன் மேனேஜர் ஏழாவது டப்பா வாங்க மாட்டார்” என்று அக்கா அவன் கையில் சீப்பையும் கொடுத்தாள்.