சிடுமூஞ்சியைக் கொளுத்தும் ஊர்

கண்ணுகளா, வெராகுரூஸ் பயணம் பாழானது யாரால் என்று ஒருநாள் கேட்பீர்கள். உங்கள் அம்மா அவள் பாணியில் சொல்லிவிடுவதற்கு முன் நானே எழுதி வைக்கிறேன்.

பெரியவள் பள்ளி ப்ராஜெக்டுக்கு மெக்சிகோவின் அந்தத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்பானியர்கள் கப்பலில் வந்து இறங்கிய இடம். பல முறை அந்நியப் படைகள் வந்து மோதியதால் 'வீர' என்ற பட்டம் ஊர்ப் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அங்கே கார்னிவல் தொடங்கும்போது மனிதர்களின் எரிச்சலையெல்லாம் ஒரு பொம்மையாகச் செய்து கொளுத்துவார்களாம். போகிக்குப் பழைய பாயைக் கொளுத்துவது போலவா என்று கேட்டேன். அவள் அதற்குச் 'சிடுமூஞ்சி பொம்மை' என்று பெயர் வைத்தாள். அந்த வார்த்தையை வீட்டில் யாரைப் பார்த்துக் கற்றாள் என்று நான் கேட்கவில்லை.

"அப்பா, எனக்கு அத நேர்ல பாக்கணும்."

எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறவள் தமிழில் கேட்டுவிட்டாள். வேர்ஹவுஸில் மூன்று நாள் லீவு கெஞ்சி வாங்கினேன். கிளம்பிய அன்று டெக்சஸில் நம் ஊரான ஆலனில் நல்ல குளிர். போகிற ஊர் சென்னை மாதிரி புழுங்கும் என்று சொல்லி, எல்லார் ஜாக்கெட்டையும் ஏர்போர்ட்டில் காரிலேயே போட்டுவிட்டு வரச் சொன்னதும் நான்தான்.

போய் இறங்கியபோது புழுங்கத்தான் செய்தது. ஓட்டலில் சாவி கொடுத்த பெரியவர் கடற்கரைப் பக்கம் கையை நீட்டி, இன்றைக்கே போய்ப் பாருங்கள், நாளைக்கு 'நோர்த்தே' வருகிறது என்றார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் வேர்ஹவுஸில் கற்றது. அங்கே கூட வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவைத்தான் 'எல் நோர்த்தே', அதாவது வடக்கு, என்பார்கள். கப்பல் நிறைய அமெரிக்கர்கள் வருகிறார்கள், கூட்டமாக இருக்கும் என்று சொல்கிறார் போல, என்று எடுத்துக்கொண்டேன். நாங்களும் நோர்த்தேதான் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். மனிதர் ஒரு மாதிரி பார்த்தார். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது, நாளை பார்க்கலாம் என்று எல்லாரையும் தூங்க வைத்தேன். சின்னவள் புது மணல் வாளியைக் கட்டிக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் விடிந்தபோது வந்தது காற்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்குத்தான் அங்கே நோர்த்தே என்று பெயர். ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. தென்னை மரங்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றன. கடற்கரைச் சாலைக்கு மணல் ஏறி வந்துவிட்டது. பவளக்கல்லில் கட்டிய கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று பவளக்கல் வீடுகள் இருக்கும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரியான உங்கள் அம்மா ஆசைப்பட்டிருந்தாள். அதையும் மூடிவிட்டார்கள். பொம்மை எரிப்பதை அடுத்த நாள் மாலைக்குத் தள்ளிப்போட்டார்கள். நமக்கோ அடுத்த நாள் காலையில் ஃப்ளைட்.

நான் கத்தினேன். பெரியவரிடம் கத்தினேன், காற்றிடம் கத்தினேன், மேல்துண்டு கூட எடுத்து வைக்கவில்லையா என்று அம்மாவிடம் கத்தினேன். பெரியவள் போனில் மேப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது டெக்சஸ்லேந்து வர்ற காத்து. நேத்து நம்ம ஊர்ல அடிச்ச அதே காத்து. இட் ஃபாலோடு அஸ்."

ஆக, அந்தப் பெரியவர் சொன்னதை நான் பாதிதான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். அது தெரிந்ததும் இன்னும் எரிச்சல் வந்தது.

மறுநாள் ஏர்போர்ட் போகும் வழியில் மைதானத்தில் பொம்மை நின்றது. தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு புருவமும் நடுவில் இடித்துக்கொண்டு, வாய் கீழே கோணியிருந்தது. டாக்ஸியை நிறுத்தச் சொன்னேன். பக்கத்தில் போய் நின்று, பார்த்தாயிற்று அல்லவா என்றேன்.

"எரியறத பாக்கணும்னுதானேப்பா வந்தோம்," என்றாள் பெரியவள். கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பரவால்ல. அப்படியே நில்லுங்க. மூஞ்சிய மாத்தாதீங்க."

போட்டோ எடுத்தாள். அம்மா டாக்ஸிக்குள் சிரித்த சிரிப்பில் டிரைவரும் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் போட்டோதான் ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அடியில் அவளே தமிழில் எழுதியிருக்கிறாள்: 'இடது பக்கம் இருப்பதை அன்று மாலை கொளுத்திவிட்டார்கள்.' வலது பக்கம் நிற்பது நான்.